கர்ப்பகாலத்தில் விவாகரத்து: குழந்தையின் தந்தை யார் என்பதைச் சட்டம் எப்படி முடிவு செய்கிறது

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது விவாகரத்து கேட்கக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மனைவியும் கேட்கலாம், கணவனும் கேட்கலாம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இல்லை. "முதல்ல பிரசவம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது குடும்பத்து வழக்கம், அவ்வளவுதான்.

ஆனாலும் தீர்ப்பு வருவதற்குள் பெரும்பாலும் குழந்தை பிறந்துவிடும்.

கல்யாணமாகி ஓராண்டு முடிவதற்கு முன் விவாகரத்து மனு போட முடியாது. (தாங்க முடியாத கொடுமை என்று காட்டினால் மட்டும் விலக்கு உண்டு.) பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதென்றால், இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி மனு போடும் முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு இரண்டாம் கட்டத்துக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் சம்மதிக்காத வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்காது.

அப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படி அப்பா யார்? இதற்கான பதில் விவாகரத்துச் சட்டத்தில் இல்லை, சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 112-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதில் இது 116-ஆம் பிரிவு. எண் மாறியது, விதி மாறவில்லை.

விதி இதுதான். செல்லுபடியான ஒரு திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனின் சட்டப்படியான பிள்ளை. திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும் அவனுடைய பிள்ளையே. இதைச் சட்டம் 'இறுதியான நிரூபணம்' என்கிறது. அதை உடைக்க ஒரே ஒரு வழியைத்தான் பிரிவு வைத்திருக்கிறது: கரு உருவாகியிருக்கக்கூடிய காலம் முழுக்க இருவருக்கும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டும்.

280 நாள் என்பது நம் ஊரில் 'பத்து மாசம்' என்று சொல்லும் அதே கணக்கு, 40 வாரம். மருத்துவர்கள் அதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். சட்டம் திருமணம் முறிந்த நாளிலிருந்து எண்ணுகிறது. மார்ச் 1-ஆம் தேதி விவாகரத்துத் தீர்ப்பு வந்தால், டிசம்பர் 6 வரை பிறக்கும் குழந்தை முன்னாள் கணவனின் பிள்ளை. டிசம்பர் 10-ல் பிறந்தால்? அது அவனுடைய பிள்ளை இல்லை என்று சட்டம் சொல்லிவிடாது. இறுதியான நிரூபணம் என்ற கவசம் மட்டும் கிடைக்காது. மற்ற வழக்குகளைப் போல அங்கே சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும்.

'தாய் மறுமணம் செய்யாத நிலையில்' என்ற சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. விவாகரத்துக்குப் பிறகு ஓராண்டு காத்திருந்துதான் மறுமணம் செய்யலாம் என்ற விதி இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது. 1976-ல் அது நீக்கப்பட்டது. இன்று மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால் போதும். கர்ப்பமாக இருக்கும் பெண் விவாகரத்தாகி, பிரசவத்துக்கு முன்பே வேறொருவரை மணந்துகொண்டால், குழந்தை இரண்டாவது திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறக்கிறது. 116-ஆம் பிரிவு அப்போது இரண்டாவது கணவனைத்தான் காட்டும். கரு முதல் கணவனுடையது என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், காகிதத்தில் தொடக்கம் இப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டு மறுமணத் தேதியை வைப்பது குழந்தைக்கு நல்லது.

வழக்குகளின் எடை முழுவதும் 'வாய்ப்பு' என்ற சொல்லில்தான் விழுகிறது. பிரிந்து இருந்தோம் என்பது வேறு, சேர வாய்ப்பே இல்லை என்பது வேறு. 1934-ல் ரங்கூனிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு சேர்வைக் குடும்பத்து வழக்கில் இதற்குப் பொருள் சொல்லப்பட்டது. சேர்ந்தார்களா என்பது கேள்வி இல்லை; சேர்வதற்கான சந்தர்ப்பம் இருந்ததா என்பதே கேள்வி. இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை அதைப் பின்பற்றுகின்றன.

கணவன் வேளச்சேரியில், மனைவி தாம்பரத்தில் தாய் வீட்டில். பேச்சுவார்த்தை இல்லை, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இது 'வாய்ப்பு இல்லை' ஆகாது, அரை மணி நேரத்தில் போய்ச்சேரும் தூரம். சென்னையும் கோவையும் என்றாலும் அப்படியே. ஓர் இரவு ரயில் போதும். ஆனால் கணவன் அந்த மாதங்கள் முழுக்க துபாயில் இருந்தான், ஊருக்கு வரவே இல்லை என்று பாஸ்போர்ட் முத்திரைகள் காட்டினால் நிலைமை வேறு. சிறையில் இருந்திருந்தாலும், உடலளவில் இயலாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான். இதை நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவர் தலையில். மனைவி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இங்கேதான் கர்ப்பகாலத்தில் போடப்படும் விவாகரத்து மனுவில் இருக்கும் பெரிய ஆபத்து. அதில் எழுதப்படும் 'பிரிந்த தேதி'.

13பி மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் தம்பதி, அந்த ஓராண்டு கணக்கைக் காட்டுவதற்காக ஒரு பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுவார்கள். மனைவி அப்போது 4 மாத கர்ப்பம் என்றால், அந்தத் தாள் என்ன சொல்கிறது? கரு உருவான காலத்தில் இருவரும் கணவன் மனைவியாக வாழவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறது. இன்றைக்குக் கணவன் நல்லபடியாகப் பேசலாம். 2 வருடம் கழித்து ஜீவனாம்ச வழக்கு வரும்போது அதே தாளை அவனுடைய வக்கீல் எடுத்து நீட்டுவார். அந்த ஒரு தாளை வைத்து மட்டும் 116-ஆம் பிரிவு உடைந்துவிடாது. பிரிந்து வாழ்வது வேறு, வாய்ப்பே இல்லாதது வேறு என்று மேலே பார்த்தோம். ஆனால் டிஎன்ஏ கேட்பதற்கான முதல் படிக்கட்டு அதுதான். குழந்தையைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவதற்கு அது போதும்.

சம்மதம் இல்லாத வழக்குகளிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன மனைவியை, 'இன்ன தேதியில் காரணமில்லாமல் வீட்டை விட்டுப் போனாள்' என்று வக்கீல் நோட்டீஸில் எழுதுவார்கள். தேதி பல மாதம் முன்னால் தள்ளிப் போடப்பட்டிருக்கும். அந்த நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விடுவது பெரிய தவறு. எந்த நாள் வரை சேர்ந்து வாழ்ந்தோம், எப்போது கர்ப்பம் உறுதியானது, எந்த மருத்துவமனைக்குக் கணவன் கூட வந்தான் என்பதைப் பதிலில் எழுதிவைக்க வேண்டும். முதல் ஸ்கேன் அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த தாய் சேய் நல அட்டை, அந்த மாதங்களின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

பரஸ்பர சம்மத மனு என்றால் அதிலேயே ஒரு பத்தி வேண்டும்: மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், இத்தனை வாரம், பிறக்கப்போகும் குழந்தை இந்தத் திருமணத்தின் குழந்தை என்று இருவரும் ஒப்புக்கொள்கிறோம். இதை எழுதக் கணவன் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மனு போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. உண்மையில் பிரிந்து ஓராண்டு ஆகாவிட்டால் காத்திருப்பதே சரி. இல்லாத தேதியை எழுதி வாங்கும் விவாகரத்துக்கு, அதைக் கேட்கவே கேட்காத ஒரு குழந்தை விலை கொடுக்கிறது.

இனி டிஎன்ஏ. அலெக் ஜெஃப்ரிஸ் 1984-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த இந்த முறையை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் லால்ஜி சிங் இந்தியாவுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். கேரளத்தில் எழுந்த ஒரு தந்தைமை வழக்கில் அந்த ஆய்வகத்தின் முடிவை 1991-ல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சோதனையின் அடிப்படை எளிது. மரபணுவின் குறிப்பிட்ட இடங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும், ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றொன்று அப்பாவிடமிருந்து. குழந்தையின் பிரதிகளில் அம்மாவிடமிருந்து வந்ததைக் கழித்தால், மிச்சம் அப்பாவிடம் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால் அது பிறழ்வாக இருக்கலாம். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தந்தை இல்லை.

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது கோர்ட்டு ஏன் எல்லா வழக்கிலும் சோதனைக்கு உத்தரவிடுவதில்லை? பலருக்கு எரிச்சல் தரும் கேள்வி இது. பதில் குழந்தையின் பக்கம் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்டதும் "பிள்ளை என்னுது இல்ல" என்று சொல்வது மிகச் சுலபம். அதற்கு எந்த ஆதாரமும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுக்கச் சொன்னால், அப்பா காசு கொடுக்க மறுத்த ஒவ்வொரு குழந்தையும் சந்தேகத்தில் பிறந்த குழந்தையாக ஊர் முன் நிற்கும். கோர்ட்டுகளின் இந்தத் தயக்கம் சரியான தயக்கம்.

1993-ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. ரத்தப் பரிசோதனையை வழக்கமான நடைமுறையாக உத்தரவிடக் கூடாது. சேர வாய்ப்பே இல்லை என்பதற்குக் கணவன் முதலில் வலுவான ஆதாரம் வைக்க வேண்டும். ரத்தம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2001-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. கரு உருவான காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்திருந்தால், டிஎன்ஏ முடிவு எதிராக வந்தாலும் சட்டத்தின் இறுதியான நிரூபணம் அசையாது என்றது.

2014-ல் காற்று திசை மாறியது. மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் கோர்ட்டு உத்தரவின்பேரில் செய்த சோதனை, கணவன் தந்தை இல்லை என்றது. மனைவி கேட்டு மறுபடி செய்த சோதனையும் அதையே சொன்னது. உண்மை கண்ணெதிரே இருக்கும்போது ஊகம் வழிவிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இனி ஜீவனாம்சம் வேண்டாம் என்றும், இதுவரை கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் தீர்ப்பானது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், மனைவியின் நடத்தையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் கணவனுக்குச் சோதனை கேட்க வழி திறந்தது. அவள் மறுக்கலாம், மறுத்தால் அதிலிருந்து பாதகமான முடிவுக்கு வர நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு.

அந்தக் கதவை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பாதி மூடியது. பெற்றோர் சண்டையில் குழந்தையைப் பகடைக்காய் ஆக்கக் கூடாது, மரபணுத் தகவல் குழந்தையின் அந்தரங்க உரிமைக்குள் வரும், மனைவி மீதான குற்றச்சாட்டை வேறு சாட்சியங்கள் வைத்து நிரூபித்துக்கொள்ளட்டும் என்றது. இந்த வரிசையில் மனதுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு இதுதான். வழக்கில் தரப்பாக இல்லாத ஒருவரை, பேசக்கூடத் தெரியாத ஒருவரை, நடுவில் வைத்து யோசித்த தீர்ப்பு.

குழந்தை பிறப்பதற்கு முன்பே சோதித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1994-ஆம் ஆண்டின் கருவுற்ற நிலைக் கண்டறிதல் சட்டம் (பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் அதே சட்டம்), கருவில் செய்யும் சோதனைகளைப் பட்டியலிட்ட சில மரபணுக் கோளாறுகளுக்கும் குறைபாடுகளுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. தந்தை யார் என்று பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கேள்வி எழுந்தாலும் பிரசவம் வரை அது காத்திருக்க வேண்டும்.

கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று பெண் முடிவெடுத்தால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்பு விதிகளில், கர்ப்பகாலத்தில் விவாகரத்தோ கணவன் மரணமோ நேர்ந்த பெண்கள் 24 வாரம் வரை அனுமதிக்கப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கணவனின் கையெழுத்து தேவையில்லை. மருத்துவமனையில் யாராவது கேட்டால், சட்டம் அதைக் கேட்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பணம் பற்றி. வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்கலாம். ஸ்கேன், மருந்து, பிரசவச் செலவு ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தால் வேலை சுலபம். குழந்தை பிறந்த பிறகு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் மாதாந்தரத் தொகை கேட்கலாம். இந்தப் பிரிவு எல்லா மதத்தவருக்கும் பொது. திருமணத்தில் பிறந்த குழந்தை, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்ற பேதமும் இதில் கிடையாது. 'எனக்கும் என் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்' என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போய்விடாது. அது குழந்தையின் சொத்து, அதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு அதிகாரமில்லை.

இஸ்லாமியப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் விவாகரத்தானால் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம்) பிரசவம் வரை நீளும். 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டமும் அப்படியே வரையறுக்கிறது. குழந்தை பிறந்து 2 ஆண்டுகள் வரை அதைப் பராமரிப்பதற்கான தொகையைத் தாயிடம் முன்னாள் கணவன் தர வேண்டும். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டத்தின்படி செல்லாது, குற்றமும்கூட. கர்ப்பிணியிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன், சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன்தான்.

கல்யாணத்தின்போதே மனைவி வேறொருவரால் கர்ப்பமாக இருந்தால், அது விவாகரத்து வழக்கு அல்ல, திருமணத்தையே ரத்து செய்யும் வழக்கு. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: கணவனுக்கு அப்போது தெரிந்திருக்கக் கூடாது, கல்யாணமாகி ஓராண்டுக்குள் வழக்கு போட வேண்டும், தெரிந்த பிறகு விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது.

மறுபக்கத்திலிருந்தும் கேள்வி வருவதுண்டு. உண்மையான அப்பா கணவன் இல்லை, இன்னொருவர் என்று தாயோ பிள்ளையோ சொன்னால்? முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி மீது ரோஹித் சேகர் 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அப்படிப்பட்டது. பிறக்கும்போது அவருடைய தாய் வேறொருவரின் மனைவி. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2012-ல் திவாரியிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. சோதனை முடிவு ரோஹித் சொன்னதை உறுதிசெய்தது. ஆனால் 2025 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த இதே வகை வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் போனது. கணவனுக்கு வாய்ப்பு இருந்தது என்றால் அவரே சட்டப்படி தந்தை, வாய்ப்பு இல்லை என்று நிரூபிக்காமல் வெளியாள் ஒருவரை டிஎன்ஏ சோதனைக்கு இழுக்க முடியாது, அவருக்கும் அந்தரங்கமும் மானமும் உண்டு என்றது. ஆக, பிள்ளை தன் ரத்த உறவைத் தெரிந்துகொள்ளும் வழி இப்போது குறுகலாகிவிட்டது. குழந்தையைக் காக்கும் விதி, வளர்ந்த பிள்ளையின் கேள்வியை மறிக்கும் இடம் இது. நாடாளுமன்றம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடமும் இதுதான்.

பிறப்புப் பதிவு 21 நாட்களுக்குள் கட்டணமில்லாமல் நடக்கும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் மருத்துவமனையே தகவல் அனுப்பும். படிவத்தில் எழுதும் பெயர்தான் சான்றிதழில் வரும் என்பதால், மயக்கம் தெளியாத தாயிடம் கேட்காமல் உறவினர் யாரோ சொல்லும் பெயரை எழுதவிடக் கூடாது. திருமணத்தில் பிறந்த குழந்தைக்குக் கணவனின் பெயரைப் போட அவனுடைய அனுமதி வேண்டியதில்லை. தந்தை பெயர் இல்லாமலும் பதியலாம்: தனித்து வாழும் தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விவாகரத்தான பெண் ஒருவர் கொடையாளர் விந்தணு மூலம் பெற்ற குழந்தைக்கு, தந்தை பெயர் இருந்த இடத்தை வெறுமையாக விடும்படி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திருச்சி மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும்.

ஆனால் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் தந்தைமையை முடிவு செய்துவிடாது, அது ஒரு சாட்சியம் மட்டுமே. தகராறு முற்றினால் 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், இந்தக் குழந்தை இன்னாரின் சட்டப்படியான பிள்ளை என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போடலாம். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றம், மற்ற மாவட்டங்களில் அந்தந்த ஊர் குடும்ப நல நீதிமன்றம். அங்கே கிடைக்கும் தீர்ப்பே சொத்துக்கும் அடிப்படை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் கணக்கில் எடுக்கிறது. வழக்கு நடக்கும்போதே கணவன் உயில் எழுதாமல் இறந்துபோனால், மனைவி அப்போதும் மனைவிதான். பிறகு உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு, அப்பா இறப்பதற்கு முன்பே பிறந்திருந்தால் என்ன பங்கு கிடைத்திருக்குமோ அதே பங்கு கிடைக்கும்.